நற்சான்றுக் கடிதம்

பங்குத்தந்தையின் மேசைக்கு வந்து சேரும் விண்ணப்பங்களில் நற்சான்றுக் கடிதம் கேட்டு வருபவையே மிகுதி. பள்ளிச் சேர்க்கைக்கு ஒன்று, வாடகை வீட்டுக்கு ஒன்று, வங்கிக் கடனுக்கு ஒன்று. "இன்னாரை நான் நன்கு அறிவேன், நல்லொழுக்கமுள்ளவர்" என்று இரண்டு வரி எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஆனால் சென்ற ஆண்டு ஒரு மாலையில் திருவரங்கத்திலிருந்து வந்த சகோதரி ஒருவருக்கு எழுத முற்பட்டபோது என் பேனா ஓடவில்லை.

அவர் எங்கள் பங்கில் பிறந்து வளர்ந்து, காவிரிக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவர். ஆட்டோ ஓட்டிவந்த கணவர் முதுகுவலியால் வீட்டோடு முடங்கிவிட, அண்டை வீட்டாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டு குடும்பத்தைத் தாங்கிவந்தார். அப்போது அவரிடம் மூன்று குழந்தைகள் இருந்தன. தாய்மார் ஒன்றாம் எண் பேருந்தைப் பிடித்து, பாலத்தைக் கடந்து, திருச்சிக் கடைவீதிக்கு வேலைக்குச் செல்பவர்கள். நான்காவதாக ஒரு கைக்குழந்தையை ஒப்படைக்க விரும்பிய செவிலியர் ஒருவர், "உங்களைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு வரி போதும் சாமி. நான் புள்ளைங்களை எப்படிப் பார்ப்பேன்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். ஆயினும் இதே இரண்டு வரியை இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் வேறொரு பெண்மணிக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அவரும் அன்பானவர், அதை இன்றும் சத்தியம் செய்து சொல்வேன். அவர் பொறுப்பிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தை, அடுப்படியில் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது. பதறிப்போன அவர், பெரியவர்கள் செய்யக் கண்டதைச் செய்தார்: உப்புக் கரைத்த நீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைத்தார். மருத்துவமனையில் மருத்துவர் என்னிடம் கூறியதை நான் மறக்கவில்லை. மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் செய்யும் தீங்கைவிட, வாந்தியோடு மேலேறி நுரையீரலுக்குள் புகுந்து செய்யும் தீங்கே பெரிது. ஒன்றும் கொடாமல் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தால் குழந்தை இவ்வளவு துன்பப்பட்டிராது என்றார். குழந்தை பல நாள் மூச்சுக்குத் தவித்துப் பிழைத்தது. அத்தாய் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. "நீங்க எழுதிக் கொடுத்தீங்களேன்னு நம்பி விட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே திருவரங்கத்துச் சகோதரியிடம், "கடிதம் தருகிறேன் அம்மா; அதற்கு முன் உன் வீட்டைப் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் முகம் வாடியது.

இத்தகைய பணிக்கு நம் நாட்டில் முறை எதுவும் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். பெரிய இடங்களுக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண் தொழிலாளர் மிகுந்த ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என விதித்தது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அக்கடமையை விரிவாக்கியது. விளையாட்டுப் பள்ளி நடத்துவோருக்கென 2015இல் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் வழியே அங்கன்வாடிகள் வந்தன. 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சரின் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான் என்பதை இளைய தலைமுறை அறியாதிருக்கலாம். இவையெல்லாம் மெச்சத்தக்கவையே. ஆனால் அங்கன்வாடி பிற்பகலோடு முடிந்துவிடுகிறது. துணிக்கடையில் நிற்கும் பெண் வீடு திரும்ப இரவாகிறது. பத்து மாதக் குழந்தையை அவள் எங்கே விடுவாள்? நாலைந்து குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்ணிடமே விடுகிறாள். அப்பெண்ணின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு பதிவேடு நம்மிடம் இல்லை.

இங்கிலாந்தில் அது 1948ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. இலண்டனில் வாழும் எங்கள் பங்கைச் சேர்ந்த பெண் ஒருவர் அங்கே இப்பணியைத்தான் செய்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தபோது தாம் கடந்த படிகளை விவரித்தார். குழந்தை வளர்ப்புப் பயிற்சி, பன்னிரண்டு மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சி, மூன்று ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்தல், மருத்துவரின் உடல்நலச் சான்று, வீட்டை வந்து சோதித்தல் எனப் பல உண்டாம். பொதுவாக ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகள் வரை பார்க்கலாம். அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டோர் மூவர், ஓராண்டு நிறையாதது ஒன்று. இவற்றுள் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று: பார்த்துக்கொள்ளும் பெண்ணை மட்டுமன்று, அவ்வீட்டில் வசிக்கும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பற்றி விசாரிக்கிறார்கள்.

திருவரங்கத்து வீட்டிற்குச் சென்றேன். நீண்டு ஒடுங்கிய வீடு. பின்புறம் கீற்றுச் சார்ப்பு, அதன் கீழே விறகடுப்பு. அதைக் கண்டதும் 2004ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜனவரி 23இல் இதே திருவரங்கத்துத் திருமண மண்டபமொன்றில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினர். அங்கும் கீற்றுக் கூரைதான். நான் சொல்லுமுன்பே அச்சகோதரி, "பிரிச்சிடுறேன் சாமி" என்றார். தண்ணீர்த் தொட்டியின் மூடியை ஒரு சிறுவனே நகர்த்திவிடலாம் போலிருந்தது. காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளை உடன் எடுத்துச் சென்றிருந்தேன். தரைத்தளமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி இடம் வேண்டும். அந்தக் கணக்கில் அவருடைய முன்னறையில் பத்துக் குழந்தைகளை வைக்கலாம். அவர் சிரித்தார். "இருக்கிறது ரெண்டு கைதானே சாமி? நாலுக்கு மேல வேண்டாம்" என்றார். அரசின் அளவுகோலைவிட அவருடைய அளவுகோல் எனக்குப் பிடித்திருந்தது.

திண்ணையில் ஒருவர் படுத்திருந்தார். கணவரின் தம்பி, மணமாகாதவர், குடிப்பழக்கம் உண்டு. இலண்டன் பெண் சொன்னதை நான் அங்கேதான் கேட்க வேண்டியதாயிற்று. "தப்பா எதுவும் பண்ணதில்லை சாமி" என்றார் அச்சகோதரி. "நான் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை அம்மா. அந்தத் தாய்மார்களுக்கு இவர் இங்கே இருப்பது தெரியுமா?" என்றேன். மறுமொழி வரவில்லை. காப்பி கூடக் குடிக்காமல் திரும்பினேன். குடும்பத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்ற உறுத்தல் பாலம் முழுதும் உடன் வந்தது.

இரண்டு மாதம் அவரைக் காணவில்லை. பிறகு வந்தார், கையில் ஒரு காகிதக் கட்டோடு. முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தார். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் அத்தகைய பயிற்சியை அளித்து வருகின்றன. கற்றதை என் மேசை மீதே ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டினார். கைக்குழந்தையின் தொண்டையில் ஏதேனும் அடைத்து, அழவோ இருமவோ முடியாமற்போனால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வெளிவராவிட்டால் திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்து. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவே கூடாது. "மூணு புள்ளை பெத்தும் இது தெரியலையே சாமி. தேனைக்கூட நாக்குல தடவியிருக்கேன்" என்று வருந்தினார். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதை நானும் அன்றுதான் அறிந்தேன். பிறகு தம் தெரு அங்கன்வாடி ஊழியரிடம் சில நாள் உடனிருந்து, எடை பார்ப்பதையும் தடுப்பூசி அட்டையைப் படிப்பதையும் கற்றிருந்தார். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியே தமக்கும் கணவருக்கும் விவரச் சரிபார்ப்பும் பெற்றிருந்தார்.

கணவரின் தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். பகலில் அவர் வீட்டுக்குள் வருவதில்லை என்று ஏற்பாடாம். எட்டு மணிக்கு மேல் உள்தாழ்ப்பாள். தாய்மார்களிடமும் சொல்லிவிட்டார். இருவர் சரி என்றனர். ஒருத்தி மறுநாளே தன் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அவ மேல கோபமில்லை சாமி. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் குழந்தையால் வரும் பணத்தில்தான் கணவருக்கு மருந்து வாங்கி வந்திருக்கிறார்.

அன்றிரவு கடிதத்தை எழுதினேன். இரண்டு வரி அன்று, ஒரு பக்கம். நல்லொழுக்கம் பற்றி ஒரு வரிதான். மற்றவை நான் கண்ணால் கண்டவை: எத்தனை அறை, எத்தனை குழந்தை, என்ன பயிற்சி, வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள், இன்ன தேதியில் பார்த்தேன் என்பன. ஓராண்டுக்குப் பின் இக்கடிதம் செல்லாது என்றும் முடிவில் எழுதினேன். அடியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் குறித்தேன். இப்படியொரு நற்சான்றை எங்கள் அலுவலகம் அதற்கு முன் வழங்கியதில்லை. செவிலியர் அதை இருமுறை படித்தாராம். பிறகு தாமே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, குழந்தையை ஒப்படைத்தார்.

சென்ற மாதம் ஓராண்டு முடிந்தது. மீண்டும் சென்றேன். வாசலருகே ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. காலையில் விடுபவரும் மாலையில் எடுப்பவரும் நேரம் குறித்துக் கையொப்பமிடுகின்றனர். கீற்றுச் சார்ப்பு இருந்த இடத்தில் துணிக்கொடி. தொட்டி மூடியில் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்றேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற அவர், முந்தானை முடிச்சை எடுத்துக் காட்டினார்.