கண்ணாடி தொடைக்கிறவன்

எங்க காலனியில் யாராவது என் தம்பியைப் பற்றி விசாரித்தால் சித்தி ஒரே பதில்தான் சொல்லும். "சிமெண்டு கம்பெனியில கண்ணாடி தொடைக்கிறான்." கேட்டவர்களும் அத்தோடு விட்டுவிடுவார்கள். துடைக்கிறது, கூட்டுகிறது, அள்ளுகிறது என்றால் நம் ஆட்களிடம் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்துப் பாஸ் பண்ணியவன் அவன். அவன் துடைத்த கண்ணாடி எந்த ஆபீசர் ரூமிலும் இல்லை. தரையிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், புகைபோக்கியின் விலாவில் இருந்தது. தலித் பத்திரிகையில் புகைபோக்கிக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுடையது அரியலூர்ப் பக்கம். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். கல் இருக்கிற இடத்தில் சிமெண்டு ஆலை. ஊர் மேற்கே, காலனி கிழக்கே, ரெண்டுக்கும் நடுவில் கம்பெனி. ஆனி ஆடியில் காற்று மேற்கிலிருந்து இறங்கும். ஊர்க்காரன் தெருவில் துணி வெள்ளையாய்க் காயும். எங்க தெருவில் முருங்கைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் வாயில் நறநறக்கும். சாதி காற்றிலேயும் இருக்கிறது என்று நான் மேடையில் பேசினால் கைதட்டுகிறார்கள். எங்க அம்மாவுக்கு அது மேடைப் பேச்சில்லை, தினமும் அலசுகிற வேலை.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் உத்தரவு போட்டது. அதிகம் மாசு உண்டாக்குகிற 17 வகைத் தொழில்கள், அதாவது சிமெண்டு, அனல் மின்சாரம், இரும்பு, சர்க்கரை, சாராயம், தோல் என்று போகிற அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம், புகையையும் கழிவுநீரையும் இடைவிடாமல் அளக்கிற கருவி வைத்து, அளவை வாரியத்தின் கணினிக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று. அதற்கு முன்னால் எப்போதாவது அதிகாரி வந்து சாம்பிள் எடுத்தால் உண்டு. அவர் வருகிற நாள் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியும். எங்களுக்கும் தெரியும். அன்றைக்குத்தான் வானம் நீலமாக இருக்கும்.

2015இல் கருவி வந்தது. கான்ட்ராக்ட் ஆளாக வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பிதான் அதைக் கயிறு கட்டி மேலே ஏற்றினவர்களில் ஒருவன். ஒபாசிட்டி மீட்டர் என்றான். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஒளிமறைப்பு என்றேன். "மங்கல்னு சொல்லுக்கா, போதும்" என்றான்.

வேலை செய்கிற விதத்தை அவன் எங்க வீட்டு அரிக்கேன் விளக்கை வைத்தே சொல்லிக்கொடுத்தான். புகைபோக்கியின் இந்தப் பக்கம் ஒரு விளக்கு, நேர் எதிரே ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு வில்லை. ஒளி புகைக்குள்ளே போய், மோதி, அதே வழியில் திரும்பி வரும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கருவி பார்க்கும். குறைந்ததெல்லாம் தூசு மறித்தது.

எங்கே வைப்பது என்பதற்கே கணக்கு இருக்கிறது. புகைக்குழாய் வளைகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வளைவில் தூசு ஒரே பக்கமாக ஒதுங்கி ஓடும். வளைவு முடிந்து, குழாயின் விட்டத்தைப் போல 8 மடங்கு தள்ளிப் போனால்தான் தூசு சமமாகப் பரவியிருக்கும். சுவரை ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, கழுத்துக் குழாய்களை நேருக்கு நேராக வெல்டிங் வைக்க வேண்டும். ஒளி எதிர்ப்பக்கத்து நடுவில் விழுகிறதா என்று குளிர்ந்திருக்கும்போது பார்த்தது போதாது. சூளை எரிந்தால் இரும்பு விரியும், பார்வை கோணலாகும். சூட்டோடு ஏறி இன்னொரு தரம் நேராக்க வேண்டும். மேடை இரும்பு செருப்பைத் தாண்டிச் சுடும் என்பான்.

அப்புறம்தான் அவனுடைய கண்ணாடி. புகையில் படுகிற வில்லைகளின் மேல் தூசு ஒட்டினால் கருவி தன் கண்ணில் பட்ட அழுக்கையே புகையின் அழுக்கென்று நினைத்துக்கொள்ளும். அதனால் ரெண்டு பக்கமும் ஒரு ப்ளோயர் இரவும் பகலும் வில்லைக்கு முன்னால் சுத்தக்காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்த ப்ளோயருக்கும் ஃபில்டர் உண்டு. அடைத்தால் மாற்ற வேண்டும். நின்றுபோனால் சூடும் தூசும் உள்ளே ஏறி வில்லை பாழாகும். "ப்ளோயர் வாயை எங்க வைக்கிறதுன்னு அரை நாள் தேடுனோம்க்கா. தூசி கம்மியா இருக்கிற பக்கமா பாத்து வச்சோம். கண்ணாடிக்கு நல்ல காத்து வேணும்ல?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அதே கம்பெனியில் பேக்கிங் பிளாண்டில் மூட்டை தூக்கினவர். லோடுமேன், கான்ட்ராக்ட். மூக்குக்கு ஒரு துண்டு, அதுவும் வீட்டுத் துண்டு. ராத்திரி உட்கார்ந்தபடிதான் தூங்குவார், படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று. 2009இல் செத்துப்போனார். ஆஸ்பத்திரிச் சீட்டில் பீடி என்று எழுதியிருந்தது. அப்பா பீடி குடித்தவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மூட்டையும் தூக்கினார் என்பதை எழுத அந்தச் சீட்டில் இடமில்லாமல் போய்விட்டது. அவருக்கு ஒரு ப்ளோயர் எங்கே வைப்பது என்று அரை நாள் யாரும் தேடவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. கருவிக்கு ஜீரோ தெரிய வேண்டும். தூசே இல்லை என்றால் எப்படியிருக்கும் என்பதை அதற்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் தானாக ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளும். அது போதாதென்று அவ்வப்போது கழற்றி, தூசில்லாத அறையில் எதிரெதிரே நிறுத்தி, இதுதான் ஜீரோ என்று கற்பிக்க வேண்டும். ஜீரோ கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோனால் கெட்ட காற்றையே நல்ல காற்று என்று சொல்ல ஆரம்பிக்கும். எங்க காலனிப் பிள்ளைகளைப் பாருங்கள். இருமல் வந்தால் இருமல் என்று சொல்லத் தெரியாது. எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு ஜீரோவை யாரும் காட்டியதில்லை. நானே கல்லூரி விடுதிக்குப் போனபிறகுதான் காலையில் காறித் துப்பாமல் எழுந்திருக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

இனி கருவி எப்படிப் பொய் சொல்லும் என்பதைச் சொல்ல வேண்டும். கருவி பார்ப்பது மங்கலை. சட்டம் கேட்பது எடையை. சிமெண்டுச் சூளைக்கு வரம்பு ஒரு கனமீட்டர் புகையில் 30 மில்லிகிராம் தூசு. மங்கலை மில்லிகிராம் ஆக்குவதற்கு, புகைபோக்கிக்குள் குழாயை விட்டு, புகை போகிற அதே வேகத்தில் உறிஞ்சி, வடிகட்டியில் தங்கின தூசை நிறுத்துப் பார்த்து, இத்தனை மங்கலுக்கு இத்தனை எடை என்று ஒரு பெருக்கல் எண் கண்டுபிடிக்கிறார்கள். அந்த எண்ணைக் கருவிக்குள் போடுகிறார்கள். சூளை அமைதியாக ஓடுகிற நல்ல நாள், கல் அரைக்கிற மில் நின்றுபோய்த் தூசின் தன்மையே மாறுகிற நாள், வடிகட்டிப் பை கிழிந்த நாள் என்று பல நிலைகளில் நிறுத்துப் பார்த்தால்தான் எண் நியாயமாக இருக்கும். எங்க கம்பெனியில் நல்ல நாளில் மட்டும் நிறுத்தார்கள். அதற்கு மேல், அந்த எண்ணைக் குறைத்துவிட்டால் புகை கறுத்தாலும் போர்டில் நம்பர் ஏறாது. அதுவும் போதாவிட்டால் மெயின்டெனன்ஸ் என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் போட்டுவிட்டால் அந்த நேரத்து அளவு கணக்கில் சேராது.

2018 ஆடியில் ஒரு ராத்திரி பைகள் கிழிந்தன. வரம்பு தாண்டினால் வாரியத்துக்கு எச்சரிக்கை போய்விடும். சூபர்வைசர் தம்பியை எழுப்பி மேலே அனுப்பி, கண்ணாடி துடைக்கிற மாதிரி மெயின்டெனன்சில் போடச் சொன்னார். விடியும் மட்டும் அவன் அந்த மேடையில் துடைப்பதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான். கீழே எங்க தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கினதை அவன் பார்த்திருக்கிறான். மறுவாரம் அந்தப் பெருக்கல் எண்ணும் மாறியது.

ஒரு மாசம் கழித்து என்னிடம் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அன்றைக்கே எழுதியிருப்பேன். நோட்டீசுக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "எழுதுக்கா. என் பேரு போட வேணாம். ஆனா மேல ஏறுறவன் நான் ஒருத்தன்தான்."

நான் எழுதவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சித்தி வீட்டில் மாசச் சம்பளம் அவன் ஒருவனுடையது. போராளி என்று பெயர் வாங்குவது என் பங்குக்கு, வேலை போவது அவன் பங்குக்கு என்றால் அது என்ன அரசியல்? சரி, எழுதாமல் இருந்ததால் அந்த ஆடியும் அடுத்த ஆடியும் எங்க தெருக் குழந்தைகள் எதைச் சுவாசித்தார்கள்? ரெண்டு கேள்விக்கும் என்னிடம் பதிலில்லை. இன்றைக்கும் இல்லை.

வழி காட்டினது அம்மா. "அவன் சொன்னத எதுக்கு எழுதுற? நாம பாக்குறத எழுதேன்." பாரிசில் ரிங்கல்மான் என்றொருவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் அட்டை செய்தார். கறுப்புக் கோடுகளை அடர்த்தி அடர்த்தியாகப் போட்ட கட்டங்கள். தூர நின்று அட்டையையும் புகையையும் ஒப்பிட்டு இது ஒன்றாம் எண், இது மூன்றாம் எண் என்று சொல்லலாம். ஓர் எண்ணுக்கு 20 சதவீதம் மங்கல். வெறும் கண்தான் கருவி. அதை வைத்து அபராதம் போட்ட நாடுகள் உண்டு. அம்மா அந்த அட்டையைப் பார்த்ததில்லை. அது எடுத்தது ஓர் எவர்சில்வர் தட்டு. 2019இல் 11 வீடுகளில் கூரைமேல் தட்டு வைத்தோம். சாயங்காலம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, கோடு தெரியவில்லை, லேசாகத் தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது என்று மூன்று வகையாக ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தோம். பக்கத்திலேயே கம்பெனி வாசல் போர்டில் அன்றைக்கு எரிந்த நம்பர். தட்டில் கோடு ஆழமாக விழுந்த நாட்களிலும் போர்டு 18, 19, 21 என்றே காட்டியது.

நோட்டோடு மனுக் கொடுத்தோம். அதிகாரி வந்தார். வாசல் போர்டைப் பார்த்தார், செல்போனில் எதையோ பார்த்தார். "ஆன்லைன்ல எல்லாம் சரியா இருக்கேம்மா. தட்டு, விரல் இதெல்லாம் ஆதாரம் ஆகாது." சேரியில் நடந்ததற்குச் சேரிக்காரன் சாட்சி செல்லாது என்பதை 1989 வன்கொடுமைச் சட்டம் வந்தபிறகும் எத்தனை கோர்ட்டில் கேட்டிருக்கிறோம்! அதே குரல்தான்.

அப்போது தம்பி கேட்டுக்குள்ளே, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. நானும் அவனைப் பார்க்காமலிருக்க முயன்றேன். "சார், மேல ஏறிப் பாத்தா தெரியும் சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதிகாரி அண்ணாந்து பார்த்தார். வெயில், ஏணி, நாற்பத்தைந்து மீட்டர். ஏறவில்லை. அடுத்த மாசம் தம்பியின் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டதற்கு ஆள் குறைப்பு என்றார்கள். குறைந்தது ஒரே ஆள்.

கருவிமேல் எனக்குக் கோபமில்லை. நேராக வைத்து, ஜீரோவை ஒழுங்காகக் காட்டி, எண்ணை நேர்மையாகப் போட்டால் அது சாதி பார்க்காமல் உண்மையைச் சொல்லும். எங்க கண்ணை நம்பாதவர்கள் அதையாவது நம்புவார்கள். அதனால்தான் கேட்கிறோம்: தூசை நிறுத்துப் பார்க்கிற நாளில் காலனி ஆட்கள் கூட நிற்க வேண்டும். எத்தனை மணி நேரம் மெயின்டெனன்சில் கிடந்தது என்பதையும் அந்த வாசல் போர்டில் தமிழில் போட வேண்டும். புகைபோக்கி வழியாகப் போகாத தூசு, மூட்டை கட்டுகிற இடத்தில், லாரி ஓடுகிற ரோட்டில், நம் ஆட்கள் நிற்கிற இடத்தில் பறக்கிற தூசு, அதை அளக்க எங்க தெருவிலும் ஒரு கருவி வேண்டும். 1927இல் மகாடில் குளத்துத் தண்ணீருக்காக அம்பேத்கர் நடந்தார். காற்றுக்கு எந்தக் குளத்துக்குப் போவது?

தம்பி இப்போது ஆந்திராவில், கடப்பா பக்கம் வேறொரு கான்ட்ராக்டரிடம் அதே வேலை பார்க்கிறான். என்மேல் அவனுக்கு வருத்தமில்லை என்கிறான். நான் நம்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. போன வாரம் போன் பண்ணினான். "யக்கா, இங்கயும் காத்து எறங்குற பக்கம் ஒரு காலனி இருக்குது. யாருன்னு கேட்டன். நம்மாளுங்கதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "பெரியம்மா இன்னும் தட்டு வைக்குதா?"

வைக்கிறது. நாற்பது பக்க நோட்டு பலதாகிவிட்டது.