ஒலியை அணைத்துவிட்டு ஒரு பறவை

மத்ரஸாவின் ஆங்கில வகுப்பில் கார்ட்டூன் காட்டப்படுகிறது என்று அறிந்ததும் பெற்றோர் சிலர் கவலையுற்றனர். பின்னணி இசையும் திரைப்பழக்கமும் குறித்த அவர்களது தயக்கத்தை நான் இலேசாக எண்ணவில்லை. மார்க்கப் பேணுதலில் பிறந்த தயக்கம் அது. எனினும் அந்த ஆறு நிமிடங்களில் நடப்பதை அவர்கள் அறிய வேண்டும்.

பிக்ஸார் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘பைப்பர்’ என்னும் குறும்படத்தில் வசனமே இல்லை. ஆகவே ஒலியை முற்றிலும் அணைத்துவிடுகிறோம். கடற்கரைப் பறவைக் குஞ்சொன்று இரை தேடச் சென்று, அலையில் அகப்பட்டு, நனைந்து, கூட்டுக்குள் ஒடுங்குகிறது. அவ்விடத்தில் படத்தை நிறுத்துவேன். முதலில் எல்லா நோட்டுகளிலும் ஒரே வாக்கியம்: ‘தி பேர்ட் இஸ் ஸ்மால்.’ இறகு எவ்வாறு இருக்கிறது, உடல் என்ன செய்கிறது என்று வினவினால் ‘வெட்’, ‘ஷிவரிங்’ எனச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். (‘பியூட்டிஃபுல்’ என்னும் சொல்லுக்கு வகுப்பில் தடை!) மார்கழிக் குளிரில் ஒளூச் செய்த தம்பியைப் போல் குஞ்சு நடுங்குகிறது என்று ஒரு சிறுமி ஆங்கிலத்தில் எழுதினாள். பாடநூலை மனனம் செய்து அவ்வாக்கியத்தை எவராலும் எழுத இயலாது.

பறவைகள் சிறகை விரிப்பதையும் மடக்குவதையும் நோக்குமாறு ஸூரத்துல் முல்க்கின் 19ஆம் வசனம் அழைக்கிறது. அதனை ஓதத் தெரிந்த பிள்ளைகளே இவர்கள். படம் முடிந்ததும் முற்றத்துக்கு அழைத்துச் செல்வேன். மினாராவில் புறாக்கள் உண்டு. அடுத்த பத்தி அவற்றைப் பற்றியது, திரையின்றி. பெற்றோர் அதனைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இலக்கணப் பிழைகளைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.