இரவுப் படி

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் கிளை நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் சுவிட்ச் அமைப்பை மாற்றும் வேலை இரவு பதினொன்றுக்கு மேல். "லேடீஸ் வேண்டாம்மா, பையனை அனுப்பறேன்" என்பார் மேலாளர். தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த சட்டப்பிரிவு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. அவர் அக்கறைக்கு மேல்முறையீடு கிடையாது. இரவுப் படி பையனுக்குப் போனது.

பிறகு நேபாம் என்ற பைத்தான் நூலகம் கைக்கு வந்தது. (1972இல் வியட்நாமில் ஒன்பது வயது கிம் ஃபுக்கின் முதுகை எரித்ததன் பெயர், இதற்குப் போய் வைத்திருக்கிறார்கள்.) சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசும். நாம் கேட்பது ஒரே கேள்வி. அந்தந்த டிரைவர் அதை அந்தந்தப் பெட்டியின் பேச்சுக்கு மாற்றும். மாற்றப்போவதை முதலில் காட்டும். தப்பானால் பழையபடி திருப்பலாம்.

தி.நகரில் இருந்ததோ அதிகம் விற்காத சுவிட்ச். அதற்கு டிரைவர் இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நானே எழுதினேன். அடுத்த மாற்றத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து பதினெட்டு நிமிடத்தில் முடித்தேன்.

மேலாளருக்கு மகிழ்ச்சி. இரவுப் படி கேட்டேன். நேரில் போகிறவர்களுக்குத்தானாம்.

அன்றும் பையன் அங்கே இருந்தான், கேபிள் கழன்றால் மாட்ட.