சீஸை அடகு வைக்கும் ஊர்!

இத்தாலி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீட்சா, சாய்ந்த கோபுரம், ரோம் நகரத்துத் தெருவில் நம்ம ஹீரோ ஹீரோயின் ஆடுற டூயட்... எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போ கேட்டீங்கன்னா மாட்டுத் தொழுவ வாசனைதான் முதல்ல வருது. முகத்தைச் சுளிக்காதீங்க பாஸ், விஷயம் இருக்கு!

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். போன ஜூன் மாசம் ஒரு மாத பிராஜெக்டுக்காக போலோனியா போயிருந்தேன். டீ பேக், மாத்திரை அட்டை என்று எதையாவது பொட்டலம் கட்டும் மெஷின்களைச் செய்கிற கம்பெனிகள் அந்த நகரத்தைச் சுற்றி ஏராளம். 'பேக்கேஜிங் வேலி' என்றே பட்டப்பெயர். ஃப்ளைட் டிக்கெட்டுக்காக அம்மாவின் நாலு வளையல் இப்பவும் பேங்க்கில் தூங்குது. இதை ஏன் சொல்றேன்னு பின்னாடி புரியும்.

ரெண்டாவது சனிக்கிழமை எங்க குரூப் மொத்தமும் ஃபெராரி மியூசியம் பார்க்க மாரனெல்லோவுக்குக் கிளம்பிவிட்டது. கையில் இருந்த யூரோவுக்கு ஒன்று ஃபெராரி, இல்லாட்டி கிராமத்தில் ஒரு ராத்திரி. 'காரை போஸ்டர்லயே பார்த்துக்கலாம்'னு நானும் என் ரூம்மேட்டும் கிராமத்துக்கு டிக் அடித்தோம். "மெக்கானிக்கல் படிச்சுட்டு ஃபெராரியை விட்டுட்டு மாடு பார்க்கப் போறியா?"ன்னு பசங்க இன்னைக்கு வரைக்கும் கலாய்க்கிறானுங்க.

போலோனியாவிலிருந்து விஞோலாவுக்கு ஒரு குட்டி ரயில். ஒரு மணி நேரம். செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர், நாங்க போனது சரியான சீசன். ஸ்டேஷனுக்கு வெளியிலேயே ஒரு பை வாங்கி, பஸ் வருவதற்குள் காலி பண்ணினோம். அங்கேயிருந்து குன்றுப் பக்கம் திரும்பினால் திராட்சைத் தோட்டம், வைக்கோல் உருளை, ஓடு வேய்ந்த வீடுகள். நாங்க தங்கின பண்ணை அங்கேதான்.

பண்ணையில் தங்கிச் சாப்பிடுவதற்கு அங்கே 'அக்ரிடூரிஸ்மோ' என்று பேர். ஏதோ ரிசார்ட்காரங்க கண்டுபிடித்த ஐடியான்னு நினைச்சிருந்தேன். இல்லையாம்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிழைப்பு தேடி ஜனங்க நகரத்துக்கும் ஃபேக்டரிக்கும் போக, கிராமங்கள் காலியாகிக் கொண்டிருந்தன. விவசாயி நிலத்தை விடாமல் கூடுதலாக நாலு காசு பார்க்கட்டும் என்று 1985-ல் அரசாங்கமே இதற்குச் சட்டம் போட்டது. 2006-ல் அதைப் புதுப்பித்தார்கள். விவசாயம்தான் மெயின், விருந்தாளி ரெண்டாவது. சும்மா நாலு ரூம் கட்டிவிட்டு பண்ணை என்று போர்டு மாட்ட முடியாது. தட்டில் வருவதும் பெரும்பாலும் அந்தப் பண்ணையில், இல்லை பக்கத்தில் விளைந்ததாக இருக்கணும்.

எங்க பண்ணையின் பாஸ் எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி. இங்கிலீஷ் கிடையாது. பேத்தி காலேஜ் லீவில் வந்திருந்ததால் தப்பித்தோம். உள்ளே போனதுமே பாட்டி கையில் மாவைக் கொடுத்துவிட்டார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, சொட்டுத் தண்ணி கிடையாது. பூரிக்கட்டையைப் பிடித்து ரெண்டு பக்கமும் இழுத்து விட்ட மாதிரி ஒரு நீளக் கட்டை. அதை வைத்து மாவை டேபிள் அளவுக்குத் தேய்க்கணும். பாட்டி தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது. நான் தேய்த்தது? ஆஸ்திரேலியா மேப்! மனசு நோகாமல் அதை மடித்து, ரிப்பன் ரிப்பனாக வெட்டி, என் தட்டிலேயே போட்டுவிட்டார். அந்த ரிப்பனுக்குப் பேர் தாலியாதெல்லே. இன்னொரு செய்தி, நாம மெனு கார்டில் பார்க்கிற 'ஸ்பகெட்டி போலோனீஸ்' போலோனியாக்காரங்க வீட்டில் கிடையாது. அந்தக் கறிக்குழம்பு இந்த ரிப்பனோடுதான் சேரும். ஸ்பகெட்டியோடு சேர்த்துக் கேட்டால் முறைக்கிறாங்க.

அப்புறம் வந்தது... பூரி! சத்தியமாகப் பூரிதான் பாஸ், சதுரமாக உப்பிக்கொண்டு. மொதெனா பக்கம் அதற்கு 'ஞோக்கோ ஃப்ரித்தோ' என்று பேர். ஊர் ஞாபகத்தில் என் ரூம்மேட்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவள் சுத்த சைவம். ஒண்ணை எடுத்து வாய்க்கிட்டே கொண்டுபோன நேரம் பேத்தி ஓடிவந்து, பாட்டி இதைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுதான் வழக்கம் என்று சொல்ல, பூரி என் தட்டுக்கு டிரான்ஸ்ஃபர். பாவம், அவளுக்கு மறுநாள் காலையில் இதைவிடப் பெரிய ஷாக் காத்திருந்தது.

சாப்பிட்டதும் பேத்தி எங்களை மச்சுக்குக் கூட்டிப்போனாள். இருட்டு, வெக்கை, புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக மரப்பீப்பாய்கள். மொதெனாவின் பாரம்பரிய பால்சமிக் வினிகர். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி இதில் ஊற்றி வைக்கிறார்கள். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு மரம். கோடையில் வேகும், குளிரில் அடங்கும், வருஷா வருஷம் சுண்டும். கடைக்குட்டிப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தால், அதற்கு முந்தினதிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். குறைந்தது 12 வருஷம். 25 தாண்டினால்தான் 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்று கெத்தாகப் பேர் போடலாம். ஊற்றுகிற 100 மில்லி குண்டு பாட்டிலை வடிவமைத்தவர் யார் தெரியுமா? ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ! முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை வரைந்த அதே மனுஷன். ஃபெராரிக்குப் போன பசங்களுக்கு உடனே மெசேஜ் தட்டினேன்.

ஆனால் என்னை நிறுத்தியது வேற. பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை பீப்பாய் ஆரம்பித்து, கல்யாணத்தில் சீதனமாகக் கொடுப்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். பேத்தி ஒரு வரிசையைத் தட்டிக் காட்டி, "இது என்னோடது, எனக்கும் இதுக்கும் ஒரே வயசு" என்றாள். எனக்கு இருபது. நான் பிறந்தப்போ அம்மா நகைச்சீட்டு போட்டாங்க. அதில் வந்ததுதான் அந்த நாலு வளையல்.

மறுநாள் காலை சீஸ் ஆலை. பார்மெசான் என்று நாம சொல்கிற 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' சீஸ் அந்த வட்டாரத்தில் மட்டும்தான் செய்யலாம். பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா மாவட்டங்கள், அதோடு போலோனியா, மாந்தோவாவில் கொஞ்சம். மாடு என்ன தின்ன வேண்டும் என்பதற்குக்கூட ரூல் இருக்கு. புளிக்க வைத்த தீவனம் கூடவே கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் கறந்த பாலை அகலத் தொட்டியில் ராத்திரி முழுக்க விட்டு, மிதக்கும் ஏட்டை எடுத்துவிடுகிறார்கள். அதை காலையில் கறந்த முழுப்பாலோடு சேர்த்து செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி கொப்பரை. ஒன்றுக்கு சுமார் 1,100 லிட்டர். அதில் நேற்று சீஸ் செய்தப்போ மிஞ்சின தண்ணியைக் கொஞ்சம் விடுகிறார்கள். நேத்துத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து இன்னைக்குப் பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அதே டெக்னிக்!

அடுத்து ரென்னட். அது என்ன என்று ரூம்மேட் கேட்டாள். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறை. "எல்லா பார்மிஜானோலயுமா?" "எல்லாத்துலயும்." ரெண்டு வாரமாக ஒவ்வொரு பாஸ்தா மேலயும் பனிமழை மாதிரி சீஸ் தூவிச் சாப்பிட்டவள் அவள். அப்புறம் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. சைவ நண்பர்களே, முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க.

பத்து நிமிஷத்தில் பால் உறைந்துவிடுகிறது. கம்பியால் கூடு கட்டின மாதிரி ஒரு பெரிய மத்தால் அதை அரிசி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடு ஏற்றுகிறார்கள். குருணையெல்லாம் அடியில் போய் ஒரே கட்டியாகச் சேர்ந்துகொள்கிறது. ரெண்டு பேர் துணியைக் கட்டித் தூக்கி, நடுவில் வெட்டி ரெண்டாக்கினார்கள். 'இரட்டைக் குழந்தை' என்பார்களாம். மெஷின் பார்க்க வந்த நாட்டில் அன்றைக்கு நான் பார்த்த நல்ல மெஷின், முழங்கை வரை கொப்பரைக்குள் விட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாத்தாவின் கைதான்.

பிறகு மூணு வாரத்துக்குக் கொஞ்சம் குறைய உப்புத் தண்ணியில் ஊறல். அப்புறம் அலமாரி. கூரை வரைக்கும், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சீஸ் சக்கரங்கள். ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ. குறைந்தது 12 மாசம், நல்லதென்றால் 24, 36. வயசு வந்ததும் ஒருத்தர் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதால் கேட்பார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மாறுமாம். நம்ம சிலபஸில் இதற்குப் பேர் 'நான்-டெஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்', ஐந்து மார்க் கேள்வி!

பக்கத்துத் தொழுவத்தில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபி அண்ணன். ஆச்சரியப்படாதீங்க. வருஷம் 365 நாளும் விடியற்காலை எழுந்து கறக்கிற வேலைக்கு உள்ளூர்ப் பசங்க வராமல் போக, அந்த இடத்தைப் பிடித்தவர்கள் பஞ்சாபிகள். போ சமவெளியில் எத்தனையோ தொழுவங்கள் அவர்கள் கையில்தான் ஓடுகின்றன. நோவெல்லாரா என்ற ஊரில் 2000-ல் திறந்த பெரிய குருத்வாராவே இருக்கு. என் ஓட்டை இந்தியில் "பாஜி, எங்க வீட்லயும் மாடு இருக்கு" என்றேன். எத்தனை, என்ன ஜாதி, என்ன தீனி என்று அரை மணி நேரம் விசாரித்தார். நான் தடவத் தெரிந்தவள் மாதிரி ஒரு மாட்டின் தாடையைச் சொறிந்து விட்டதில்தான் முழுசாக நம்பினார்.

தொழுவத்திலிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால். மாட்டைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "மடியப் பாரு அம்முணி, மடியப் பாரு!" அப்புறம் கேட்டார்: "ஒரு சக்கரத்துக்கு எத்தன லிட்டர் ஆகுது?" 550 என்றேன். எங்க வீட்டு மூணு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 லிட்டர். மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, "இருபத்திரண்டு நாள் பாலு" என்றார். அடுத்த கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. "சரி கண்ணு, ஒரு வருசம் ரெண்டு வருசம்னு வெச்சுட்டா, பால் ஊத்தினவனுக்கு எப்ப பட்டுவாடா?"

நான் அதைக் கேட்கவே இல்லை! இத்தனைக்கும் பால் காசில் வளர்ந்தவள். ஊரில் சொசைட்டி பட்டுவாடா நாலு நாள் தள்ளிப்போனாலே வீட்டில் பேச்சு மாறிவிடும்.

திரும்ப ஓடிப்போய், ஆலையைச் சுற்றிக் காட்டியவரிடம் பேத்தி மூலமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இதை டூரிஸ்ட் யாரும் கேட்டதில்லை" என்றார். அந்த ஆலை பால் ஊற்றுகிற விவசாயிகளின் கூட்டுறவு. அவ்வப்போது முன்பணம் உண்டு. முழுக் கணக்கு சீஸ் விற்ற பிறகுதான். அதுவரைக்கும் முன்பணம், தீவனம், கரன்ட், சம்பளத்துக்கெல்லாம் காசு?

சீஸை பேங்க்கில் வைப்பாங்களாம்!

விளையாட்டில்லை. கிரெடிட்டோ எமிலியானோ என்ற பேங்க் 1950-களிலிருந்தே பார்மிஜானோ சக்கரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. அதற்கென்று அந்த பேங்க்குக்குச் சொந்தக் கிடங்கு, லட்சக்கணக்கில் சக்கரம் அடுக்குகிற அளவுக்கு. நகை லாக்கரில் சும்மா கிடக்கும். இது அப்படி இல்லை. பேங்க்கின் ஆட்கள் திருப்பிப் போட்டு, தூசி துடைத்து, பதம் பார்த்து வளர்க்கிறார்கள். தோலில் ஆலை நம்பரும் செய்த மாசமும் பதிந்திருப்பதால் ஆள் மாறாட்டமும் கிடையாது. கடன் ஓடுகிற காலத்தில் அடகுப் பொருள் முற்றி, விலையும் கூடுகிறது. அம்மாவின் வளையலை யாரும் இப்படித் திருப்பிப் போட்டுத் துடைத்துக் கொண்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

எல்லாம் அழகாகவே முடிவதில்லை. 2012 மே மாசம் எமிலியாவில் ரெண்டு தடவை நிலநடுக்கம். அலமாரிகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து லட்சக்கணக்கான சக்கரங்கள் உடைந்தன. வருஷக்கணக்காகக் காத்திருந்த பால் காசு தரையில். அப்போ மொதெனாவின் பிரபல சமையல்காரர் மாஸ்ஸிமோ போத்துரா இந்த சீஸை வைத்தே ஒரு ரிசொத்தோ செய்முறை போட்டு, எல்லாரும் வாங்கிச் சமையுங்க என்றார். உலகம் முழுக்க ஜனங்க வாங்கினாங்க. பாட்டி வீட்டிலும் அந்த வாரம் மூணு வேளையும் சீஸ்தான் என்று பேத்தி சொன்னாள். சொல்லும்போது பாட்டி சிரிக்கவில்லை.

கிளம்பும்போது 24 மாச சீஸில் அரை கிலோ வாங்கினேன். பஸ் காசுக்கு ரூம்மேட்டிடம் கடன். (அவள் எங்கே வாங்கப்போகிறாள்!)

ஊருக்கு வந்து ராத்திரி பிரித்தோம். அம்மா மோந்து பார்த்துவிட்டு ரெண்டடி பின்னால் போனார். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். உள்ளே உப்புக்கல் மாதிரி நறநறக்கும், அதுதான் அதோட பக்குவம் என்றெல்லாம் நான் லெக்சர் அடித்துக்கொண்டிருந்தேன். "உப்புதான் தூக்கலா இருக்குது" என்றவர், இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பேப்பரோடு கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி தூக்கினார்.

"ஏம்முணி, இதை நம்மூரு பேங்க்ல வெச்சா அம்மாளோட வளையல்ல ஒண்ணையாச்சும் குடுப்பானா?"