பாரிஸ் வரை போன தென்னமரத் தோட்டம்

கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் போயிருக்கிறீர்களா? பத்தாங் பெர்சுந்தை என்று சொன்னால்தான் நம்மில் பலருக்கு இடம் விளங்கும். 2007இல் ஊரின் பெயர் மாறிவிட்டது. நம் நாக்கு இன்னும் மாறவில்லை. அந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரோ நல்ல தமிழ்ப் பெயர். நிற்பதெல்லாம் செம்பனை. "தென்னமரத்துல தென்னை எங்க சார்?" என்று ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது வகுப்பில் கேட்டுவிடும்.

அப்படிக் கேட்ட பிள்ளைகளில் ஒருத்தி இப்போது லண்டனில் கணக்கியல் படிக்கிறாள். வார இறுதி விடுமுறையில் அவள் பாரிஸ் நகருக்குப் போய்வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். வெறும் ஊர் பார்த்த கதை என்றால் நானும் எழுதியிருக்க மாட்டேன். ஐபல் கோபுரத்தின் படத்தை இன்று எந்தக் கைப்பேசியிலும் பார்த்துக்கொள்ளலாமே!

முதலில் தொலைபேசி வந்தது அவளிடமிருந்து அன்று, அவள் தந்தையிடமிருந்து. அவர் குலை வெட்டுகிறவர். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டவர். மகளுக்குக் கல்விக் கடன் கிடைத்தும் போதாமல், தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

"படிக்கப் போன புள்ள, பாரிசுக்குப் போறேங்குது சார். சனி, ஞாயிறு சும்மா இருக்கக்கூடாதா? நீங்கதான் புத்தி சொல்லணும்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கடன் வாங்கியவனுக்குத்தான் ஒவ்வொரு வெள்ளியின் கனமும் தெரியும். ஆனாலும் எனக்குச் சிரிப்பும் வந்தது. கம்போங் குவாந்தானில் நம் சிலாங்கூர் ஆற்றின் கரையில், பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படகில் ஏறுகிறார்கள். கோலாலம்பூரில் படிக்கும் அயல்நாட்டு மாணவர்களும் வார இறுதியில் வருகிறார்கள். அவர்கள் வந்தால் அதற்குப் பெயர் சுற்றுலா. நம் வீட்டுப் பிள்ளை போனால் மட்டும் ஊர்சுற்றல்!

அவரிடம் நான் காந்தியடிகளின் கதையைச் சொன்னேன். லண்டனில் சட்டம் படித்த நாளில் அவரும் கடல் தாண்டிப் பாரிஸ் கண்காட்சிக்குப் போனவர்தான். பைசா பைசாவாகக் கணக்கு எழுதிச் செலவழித்த மனிதர். சைவ உணவுக்கடை ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கேயே அறை எடுத்து ஒரு வாரம் தங்கினார். ஐபல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங்கை அங்கே விட்டதாகத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். "காந்தியே போனாரா?" என்றார் தந்தை. அதற்குமேல் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் முகம் தெளிந்திருக்காது என்பது குரலிலேயே தெரிந்தது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு உதவும். லண்டனிலிருந்து பாரிஸ் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலையில் போகிற தூரம்தான். கடலுக்கு அடியில் ஓடும் ரயிலில் போனால் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அந்தக் கட்டணம் மாணவர்களுக்குக் கட்டுபடியாகாது. இவள் ஏறியது விக்டோரியா பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் இரவுப் பேருந்து. முன்கூட்டியே பதிந்ததால் போக வர 40 பவுனோடு முடிந்தது. நம் மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே குறுகிய காலப் பயணத்துக்கு விசாவும் தேவையில்லை. துணைக்குத் தஞ்சோங் காராங்கைச் சேர்ந்த மலாய்த் தோழி ஒருத்தி. இருவருக்கும் ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரே பையில்.

டோவர் துறைமுகத்தில், இங்கிலாந்து மண்ணிலேயே, பிரெஞ்சு அதிகாரிகள் கடப்பிதழைச் சோதிக்கிறார்கள். பிறகு பேருந்தோடு கப்பலில் ஏற்றம். கடல் அங்கே மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான். நள்ளிரவில் மேல்தளத்துக்குப் போய் நின்றபோது, இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது என்றும், பாட்டன் கப்பலேறி வந்த கதை அப்போது நினைவுக்கு வந்தது என்றும் எழுதியிருந்தாள். அவருக்கு நாகப்பட்டினத்தை விட்டால் பினாங்கு வரை கரையே தெரிந்திருக்காது.

சனிக்கிழமையை நடந்தே கழித்திருக்கிறார்கள். 2019இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறக்கப்பட்ட நோத்ர தாம் தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையில் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லா ஷப்பல் பகுதி. அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்ப் பெயர்ப்பலகைகள்! 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான். ஆண்டுதோறும் கோடை முடிவில் தேர் ஓடும்போது வீதியெல்லாம் சிதறு தேங்காயாம். கடையில் சோறு பரிமாறிய அம்மா, "எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். மலேசியா என்றதும், தம் பாட்டனாரின் தமையன் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று சொல்லி இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினாராம். நம் நாட்டு ரயில் நிலையங்களிலும் தோட்ட அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். தோழி மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஞாயிறு காலை ஐபல் கோபுரம். இரண்டாம் தளம் வரை 674 படிகள். படியேறினால் கட்டணம் குறைவு என்பதால் ஏறினார்கள். அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

வாசகர்களே, அதன்பின் நடந்ததற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சேன் நதிக் கரையில் மதில்மேல் பச்சை நிறப் பெட்டிகளைத் திறந்து வைத்துப் பழைய புத்தகம் விற்கிறார்கள். அவர்களில் ஒரு கிழவரிடம், நான் எழுதிக் கொடுத்திருந்த துண்டுத்தாளை அவள் நீட்டினாள். அதில் இருந்தது ஒரு நூலாசிரியரின் பெயர்: ஆன்றி ஃபோக்கோனியே. கிழவர் பெட்டிக்குள் துழாவி, மட்டை பழுத்த ஒரு புத்தகத்தை எடுத்தார். தலைப்பு 'மலேசி'. அதாவது நம் நாட்டின் பெயர்!

யார் இந்த ஃபோக்கோனியே? 1879இல் பிரான்சில் பிறந்தவர். சில காலம் இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்தவர். அந்த வகையில் நம் இனம். 1905இல் மலாயா வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் போட்டார். பக்கத்துச் சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளை வாங்கி வந்து முதலில் வீட்டருகே வளர்த்துப் பார்த்தார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் அது வாணிபப் பயிராக நடப்பட்டது. மலேசியாவில் வாணிபத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். இன்று நாடு முழுவதும் பரந்து கிடக்கும் செம்பனைக் காட்டுக்குத் தொடக்கம் நம் பத்தாங் பெர்சுந்தை! மரத்தின் பூர்வீகமோ மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கே கன்றுகளின் வாரிசுகள்தான் இந்தப் பக்கம் முதலில் பரவின. ஆக மரமும் வந்தேறி, துரையும் வந்தேறி, நாமும் வந்தேறிகள்.

அந்தத் துரை பின்னாளில் தம் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல்தான் 'மலேசி'. 1930இல் அதற்குக் கொன்கூர் பரிசு கிடைத்தது. பிரெஞ்சு இலக்கியத்தில் அதற்குமேல் பெயர் பெற்ற பரிசு இல்லை எனலாம். 1914 முதல் பரிசுக் குழுவினர் கூடுகிற இடம் பாரிசிலுள்ள துருவான் என்ற உணவகம். மாணவிகள் இருவரும் அந்த வாசலுக்கும் போய்ப் படம் எடுத்தார்கள். உள்ளே போகவில்லை, வெளியே மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்ததே வயிறு நிறையப் போதுமானதாக இருந்ததாம்.

புத்தகத்தை விலைக்கு வாங்கிவிட்டார்களே தவிர, இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டியிருக்கிறார்கள். திடீரென்று மலாய்த் தோழி கூவிவிட்டாள். பிரெஞ்சு எழுத்துக்கு நடுவே மலாய்ப் பந்துன் வரிகள்! பழைய எழுத்துக்கூட்டலில், ஆனால் அவளுடைய பாட்டி சொல்லும் பந்துன்களின் அதே ஓசையில். அவள் வாய்விட்டுப் படிக்க, கிழவர் பெட்டியை மூடாமல் நின்று கேட்டாராம். தஞ்சோங் காராங் பெண் பாரிஸ் ஆற்றங்கரையில் பந்துன் படிக்கிறாள், தோட்டத்துப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் காட்சி நாற்பது பவுனுக்குப் பெறாதா?

இரவுப் பேருந்தில் திரும்பி, திங்கட்கிழமை ஒன்பது மணி வகுப்புக்குப் போய்விட்டாள். தூங்கி வழிந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

படங்களைத் தந்தையின் கைப்பேசிக்கும் அனுப்பியிருந்தாள். ஒரு மாலை அவர் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இந்த முறை பாரிசைப் பற்றிப் பேச்சில்லை.

"நம்ம ஆளுங்களப் பத்தி என்ன எழுதியிருக்கான் சார் அந்தத் தொர?"

நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நான் படித்திருக்கிறேன். உள்ளதைச் சொன்னேன். தமிழ்த் தொழிலாளர்கள் அதில் வருகிறார்கள். ஆனால் பங்களாத் திண்ணையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிவார்களோ அப்படித்தான் வருகிறார்கள். காட்டையும் மழையையும் அவர் எழுதியிருக்கும் அழகுக்கு நான் தலைவணங்குவேன். மலாய்க்காரர் மீதும் அவருக்குத் தனி ஈர்ப்பு. லயத்துக்குள் மட்டும் அவர் பேனா அதிக நேரம் தங்கவில்லை. 1914இல் போர் மூண்டதும் தாய்நாடு திரும்பிப் படையில் சேர்ந்தவர் அவர். தென்னமரத்தில் முதல் குழியை வெட்டிய கைகளின் பெயர் எந்த நாவலிலும் இல்லை.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கம்மா பூத்தூள் அடிச்சவ சார்" என்றார்.

இளைய வாசகர்களுக்கு இது புரியாது. இன்று செம்பனைப் பூவில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது ஒரு சிறு வண்டு. அதை ஆப்பிரிக்காவின் கமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல்தான் இங்கே விட்டார்கள். அதற்கு முன், மரம் மரமாகப் போய்க் கையாலேயே பூத்தூள் தூவ வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. வண்டு வந்தது, அந்த வேலையும் போயிற்று. அவருடைய தாயார் பூத்தூளோடு வெயிலில் நடந்ததையும், மட்டை முள் குத்திய கை வீங்கியதையும், அந்தக் கூலியில் தமக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கித் தந்ததையும் அவர் அன்று சொன்னார். இருபது ஆண்டுப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து இதை நான் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லையாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் லண்டனிலிருந்து அழைப்பு வருகிறது. சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்ற பேச்சு முடிந்ததும் அவள் கேள்வி கேட்கிறாள், அவர் சொல்கிறார், அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறாள். பாட்டன் கப்பலேறிய கதை முடிந்துவிட்டது. சென்ற வாரம் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையில் நிற்கிறதாம்.