நகராத சைக்கிளில் கண்டி வீதி

குளிர்காலம் பிறந்துவிட்டால் எம்மவர் வாழ்வு நான்கு சுவர்களுக்குள் ஒடுங்கிவிடுகின்றது. ரொறன்ரோ நகரில் டிசெம்பர் முதல் மார்ச் வரை வெளியே நடப்பதென்பது இளையோருக்கே ஒரு சோதனைதான். உறைபனி படிந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட முதியவரின் கதை எல்லாத் தொடர்மாடிகளிலும் ஒன்றாவது உண்டு. எனவே வீடு, வாகனம், வேலைத்தலம், மறுபடியும் வீடு என்பதே எமது நடமாட்டமாகி விடுகின்றது. சோற்றுக் கோப்பையின் அளவோ ஊரில் தோட்டம் கொத்திய காலத்து அளவிலிருந்து சற்றும் குறையவில்லை.

தென்னாசிய மக்களாகிய எம்மை நீரிழிவு பிறரிலும் இளவயதில் பற்றிக்கொள்கின்றது. அதிகம் பருக்காத உடலையும் அது விட்டுவைப்பதில்லை. உடற்பருமன் சுட்டெண் 25ஐக் கடந்தால் அது மிகையான எடை என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. எமது வைத்தியர் சென்ற ஆண்டின் இறுதியில் குருதிப் பரிசோதனைத் தாளைப் புரட்டிவிட்டு, "எல்லைக் கோட்டில் நிற்கிறீர்கள்" என்றார். மாத்திரை எழுதவில்லை, சித்திரை மாதம் வரை தவணை தந்தார். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் 150 முதல் 300 நிமிடங்கள் என்றே சொல்கின்றது.

"தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நின்றுதானே வேலை செய்கிறோம், அது போதாதா?" என்று கேட்கும் நண்பர்கள் பலர். அவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு பழைய செய்தி உண்டு. இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெரி மொரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 1953இல் முடிவை வெளியிட்டனர். ஒரே பேருந்து, ஒரே வீதி. எனினும் நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளை விட, சீட்டுக் கிழிப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. களைப்பு வேறு, இதயத்தை ஓட வைப்பது வேறு. எட்டு மணிநேரம் ஓரிடத்தில் நிற்பவனுக்குக் கால் கடுக்கும். இதயத்துக்கு அதனால் கிடைப்பது சொற்பமே.

ஆகவே பயன்படுத்திய உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். கயிறடிப்பது மலிவுதான், ஆனால் கீழ்மாடியில் குடியிருப்பவருடைய கூரையல்லவா எமது தரை? சைக்கிளுக்கு அடியில் ஒரு இறப்பர் விரிப்பைப் போட்டுவிட்டால் சத்தமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எம்மவர் வீடுகள் பலவற்றில் இச்சைக்கிள்கள் தை மாதத்தில் வரவேற்பறையில் கொலுவிருக்கும்; பங்குனியில் அவற்றின் கைபிடியில் ஈரச் சேலை காயும். உடல் களைப்பதற்கு முன்னரே மனம் சலித்துவிடுவதுதான் இதற்குக் காரணம். வெளியே நடந்தால் மரம் வரும், நாய் வரும், தெரிந்த முகம் வரும். அறைக்குள் எதிரே நிற்பது சுவர் மட்டுமே. 1818இல் வில்லியம் கியூபிற் என்ற பொறியியலாளர் ஆங்கிலேயச் சிறைகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை உருவாக்கினார். கைதிகள் மணிக்கணக்கில் படி மிதிப்பார்கள், மேலே ஏறமாட்டார்கள். அந்நூற்றாண்டின் இறுதியிலேயே அத்தண்டனை கைவிடப்பட்டது. இன்று அதன் வழித்தோன்றலை நாமே பணம் கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கின்றோம் என்பதை நினைக்கையில் சிரிப்புத்தான் வருகின்றது.

சலிப்பை வெல்ல முதலிற் கைகொடுப்பது இசை. இலண்டன் புறநகரிலுள்ள புறூணல் பல்கலைக்கழகத்தில் கொஸ்ராஸ் கராயோர்கிஸ் என்பவர் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளார். மிதமான வேகத்தில் இயங்கும்போது, பொருத்தமான பாடல் கேட்பவருக்கு அதே உழைப்பு இலேசாகத் தோன்றுகின்றது. கடும் வேகத்துக்குப் போய்விட்டால் உடலின் முறைப்பாடு பாட்டை அமுக்கிவிடும். நிமிடத்துக்கு 120 முதல் 140 தாளத் தட்டுகள் கொண்ட பாடல்கள் இதற்கு உகந்தவை என்பர். 130 தட்டுள்ள பாட்டுக்கு ஒரு தட்டுக்கு ஒரு கால் என்று மிதித்தால், மிதிகட்டை நிமிடத்துக்கு 65 முறை சுற்றும். எம் போன்ற தொடக்ககாரருக்கு அதுவே அளவானது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள் எமது கால்களுக்கு நன்கு இசைந்தன. சோகப் பாடல்களை விலக்கிவிடுங்கள். கால் தானாகவே தளர்ந்துவிடும்.

வேகம் போதுமா என்று அறிய இலகுவான வழி ஒன்றும் உண்டு. மிதமான பயிற்சியின்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. எமது மகன் இதை அறிந்த நாள்முதல் காவற்காரனாகி விட்டான். நாம் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தால் போதும், "அப்பா பாடுறார், இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும்.

இரண்டாவது உபாயம் கதை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தரீன் மில்க்மனும் சகாக்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விறுவிறுப்பான நாவல்களை ஒலிவடிவில் கொடுத்து, உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே அவற்றைக் கேட்கலாம் என்று ஒரு தரப்பினருக்கு விதித்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் மற்றையோரை விட 51 சதவீதம் கூடுதலாகக் கூடத்துக்கு வந்தார்களாம். நன்றியறிதல் நாள் விடுமுறை இடையில் வந்ததும் அப்பழக்கம் தளர்ந்துபோனது என்பதையும் அவர்களே எழுதியுள்ளனர். எமது துணைவியார் இதனைத் தொலைக்காட்சித் தொடரில் பரீட்சித்தார். மிதிக்கும்போது மட்டுமே தொடர் பார்ப்பது என்பது ஏற்பாடு. ஆனால் மாமியார் மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றும் கட்டத்தில் சைக்கிள் நின்றே போய்விடுகின்றது. தொடர்நாடகம் இதயத்துக்கு உகந்ததல்ல என்பது எமது கருத்து.

இவற்றையெல்லாம் விட எமது வீட்டில் நிலைத்தது வேறொன்று. சைக்கிளின் சிறுதிரையில் கிலோமீற்றர் கணக்கு ஓடுகின்றது. "இவ்வளவு மிதித்து எங்கே போகிறீர்கள்?" என்று மகள் விளையாட்டாகக் கேட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போவோம் என்று முடிவாயிற்று. ஏ9 எனப்படும் கண்டி வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். இலங்கைப் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்தில் ஊசியைக் குத்தினோம். பொறியின் கிலோமீற்றர் மலிவானது. அதற்கு எதிர்காற்றும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை. ஆதலால் சைக்கிளில் ஐந்து மிதித்தால் வீதியில் ஒன்று என்று மகன் சட்டம் இயற்றினான். எண்பதைக் கடந்த எமது அன்னையார் தொடர்மாடியின் நடைகூடத்தில் கைத்தடியுடன் நடக்கும் தூரம் மட்டும் கழிவின்றிச் சேரும். ஓர் ஊரை எட்டினால், அவ்வூரை அறிந்தவர் அன்றைய மிதிப்பு முடியும்வரை அதைப்பற்றிச் சொல்லவேண்டும் என்பதும் சட்டம்.

மூன்றாம் நாள் நாவற்குழிப் பாலத்தை அடைந்தோம். மிதித்துக்கொண்டிருந்தவர் நாமே. யாரும் கேட்கவில்லை, அருகே கதிரையில் இருந்த அன்னையார் தாமாகவே பேசத் தொடங்கினார். "இந்தப் பாலத்துக்கு வர எங்களுக்கு விடிஞ்சு போச்சு, தம்பி" என்றார். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்த நாள். நாம் அப்போது கனடாவில் இருந்தோம். பல நாட்களின் பின்னர் கிடைத்த கடிதத்தில் "சுகமாக வந்து சேர்ந்தோம்" என்ற ஒரு வரிதான் இருந்தது. பின்னரும் நாம் கேட்டதில்லை, அவர்கள் சொன்னதில்லை. மழையாம். காலை எடுத்து வைக்க இடமில்லாத நெரிசலாம். தந்தையார் சைக்கிளில் அரிசி மூட்டையையும் தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியையும் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தாராம். முன்னாலிருந்தவர் நகர்ந்தால்தான் சில்லு உருளுமாம். பாலத்தருகே முன்பின் அறியாத ஒரு பெண் தன் குழந்தையைச் சற்று வைத்திருக்கும்படி அன்னையாரிடம் கொடுத்து, அரைமணி நேரம் கழித்தே வாங்கிக்கொண்டாராம். பிள்ளைகள் இருவரும் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனர். அன்று நாற்பது நிமிடங்கள் மிதித்திருக்கின்றோம் என்பதை இறங்கிய பின்னரே கவனித்தோம்.

அதன் பிறகு சைக்கிளுக்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. கொடிகாமத்தில் சந்தையும் மாம்பழமும் வந்தன. ஆனையிறவில் உப்பளம் வந்தது. அந்த உப்பைக் கொண்டு பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியதென்று சொன்னபோது மகன் நம்பவில்லை. கிளிநொச்சி துணைவியாரின் ஊர். இரணைமடுக் குளத்தில் நின்று அவர் நான்கு நாட்கள் நகர மறுத்துவிட்டார். மாங்குளத்தைப் பற்றி எவருக்கும் அதிகம் தெரியாததால் விரைந்து கடந்தோம். 2002இல் யுத்தநிறுத்த உடன்பாட்டின் பின் இவ்வீதி திறந்ததையும், 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடுண்டதையும் புளியங்குளத்துக் காட்டினூடே மிதிக்கும்போது சொன்னோம்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கு சொல்லிவிடுகின்றோம். இன்சுலின் ஏற்றுபவர்கள் பயிற்சிக்கு முன் சீனியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ கதை எவ்வளவு சுவையாயினும் உடனே நிறுத்தி உதவிக்கு அழையுங்கள். இதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

எமது அடுத்த குருதிப் பரிசோதனை சித்திரையில். கடந்த மூன்று மாதத்துச் சராசரியை அது காட்டிவிடுமாதலால், முதல்நாள் பட்டினி கிடந்து வைத்தியரை ஏய்க்க இயலாது. இதை எழுதும் வேளையில் ஓமந்தையில் நிற்கின்றோம். வவுனியாவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். மகள் நேற்றே கடந்துவிட ஆயத்தமானாள். அன்னையார் விடவில்லை. போர்க்காலத்துச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பொதிகளை அவிழ்த்துக் காட்டியவர் அவர். "ஓமந்தையில இறங்காமல் ஆர் போனது? இறங்கு பிள்ளை, நாளைக்குப் போகலாம்" என்று கூறிவிட்டார். நாளை மகனின் முறை.