ஆச்சி கடக்காத தெரு

காரைக்குடியிலிருந்து கல்லலுக்கு வரும் வழியில், ஊர் தொடங்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு நிமிடம். 30இல் வந்தால் இரண்டு நிமிடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடக்கூடிய கணக்குதான். ஆனால் எதிர்வீட்டு ஆச்சியின் மணிக்கட்டு முறிந்த பிறகுதான் நாங்கள் அதைப் போட்டுப் பார்த்தோம்.

காரைக்குடியில் ஒரு சிறு வேலையை முடித்துக்கொண்டு அன்று மாலை திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் இருவருமே வண்டி ஓட்டுபவர்கள். அன்று கணவன் ஓட்டினானா மனைவி ஓட்டினாளா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஓட்டியவர் வேகத்தைக் குறைக்கவில்லை, அருகில் இருந்தவர் குறைக்கச் சொல்லவும் இல்லை. ஆகவே பிழை இருவருடையது. வீட்டில் எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவசரம் என்று ஒன்றும் இல்லை. சாலை நன்றாக இருந்தது, வந்தோம், அவ்வளவுதான்.

ஆச்சி கோயிலுக்குப் போகத் தெருவில் இறங்கியிருந்தார். வண்டி அவர்மேல் படவில்லை. ஹாரன் சத்தத்தில் பதறிப் பின்வாங்கியவர் கால் இடறிக் கையை ஊன்றி விழுந்தார். மாவுக்கட்டோடு ஆறு வாரம். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் விசாரித்த மகனிடம்கூட அவர் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. எங்களிடம், "நான்தான் தடுமாறிட்டேன், நீங்க மனசுல வச்சுக்காதீக" என்றார். கை சரியான பிறகும் மாலையில் கோயிலுக்குப் போவதை அவர் மீண்டும் தொடங்கவில்லை.

*

நகரங்களில் வேகவரம்பைக் குறைப்பது பற்றிய செய்திகளை அதுவரை நாங்கள் மேலோட்டமாகவே வாசித்திருந்தோம். சென்னையில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பகலில் 40 கிலோமீட்டர் என்ற வரம்பு பேச்சுக்கு வந்தபோது, நகரமே கேலி செய்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு அந்த ஆண்டு நவம்பர் 4 முதல் புதிய வரம்புகள் வந்தன: கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளுக்குள் எல்லா வண்டிகளுக்கும் 30. இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் ஆச்சி விழுந்த பிறகு திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டோம். அண்ணா சாலையின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசினோம். வீட்டு வாசலின் வேகத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

30 என்ற எண்ணுக்குப் பின்னால் எளிய பௌதிகம் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 60இல் வரும் வண்டி அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். 30இல் வருவது எட்டு மீட்டர்தான் ஓடும். எங்கள் தெருவில் இரண்டுக்கும் இடையிலுள்ள ஒன்பது மீட்டரில் ஒரு ஆச்சி நின்றிருந்தார்.

ஆனால் விபத்துக் கணக்கோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. தெருவின் வேகம் மாறும்போது, அதில் யார் எப்படி எங்கே போகிறார்கள் என்பதும் மாறிவிடுகிறது. 1970களில் யாகோவ் ஜஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம், சராசரியாகப் பார்த்தால், பெரிதாக மாறுவதில்லை. வேகம் கூடினால் மிச்சமாகும் நேரத்தை அவர்கள் வீட்டில் கழிப்பதில்லை, இன்னும் தொலைவாகப் போகிறார்கள். இதற்குச் சாட்சி தேட நாங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பைக்கும் காரும் வந்தபின் எங்கள் வீட்டுக்குச் சட்டைத் துணியும் பள்ளிப் புத்தகமும் காரைக்குடியிலிருந்து வரத் தொடங்கின. உள்ளூர்த் தையற்காரர் கடையை எப்போது மூடினார் என்பது எங்களுக்கு நினைவில் இல்லை. எங்கள் வேகம் எங்களுக்கு நேரத்தைத் தரவில்லை, தூரத்தைத்தான் தந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க வாகனம் இல்லாத ஆச்சிக்கோ, ஊரே ஒரு சுற்றுச் சுருங்கிப்போனது.

இவான் இல்லிச் அதே காலத்தில் வேறொரு கணக்குப் போட்டார். ஒரு சராசரி அமெரிக்கர் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அந்தக் காருக்காக உழைத்துச் சம்பாதிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஆகிறது. அதில் அவர் கடப்பது 7,500 மைல். மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. ஒரு எல்லைக்கு மேல் போகும் வேகம் சிலருடைய நேரத்தைக் காக்கப் பலருடைய நேரத்தைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் இல்லிச்சைக் கல்விக்காகப் படித்தோம், போக்குவரத்துக்காகவும் படித்திருக்கலாம்.

*

வேகத்தைக் குறைத்துப் பார்த்த ஊர்கள் உண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இலேயே பெருஞ்சாலைகள் நீங்கலாக எல்லாத் தெருக்களிலும் 30 என்று வைத்தது. பாரிஸ் 2021இல் அதைப் பின்பற்றியது. இத்தாலியின் பொலோன்யா, எங்கள் செட்டிநாட்டுத் திண்ணைகளைப் போலத் தெரு நெடுகிலும் தூண் தாழ்வாரங்கள் கொண்ட நகரம், 2024இல் பெரும்பாலான தெருக்களில் 30ஐ நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அங்கே நடந்து சென்றவர் ஒருவர்கூட வாகனம் மோதி இறக்கவில்லை. கார்ப் போக்குவரத்து சுமார் 5 சதவீதம் குறைந்தது. சைக்கிள்கள் சுமார் 10 சதவீதம் கூடின.

ஏன் இப்படி நடக்கிறது? நகருக்குள் பயண நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சந்திப்புகளில் நிற்கும் நேரம். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே பறப்பதில் கிடைப்பது சில விநாடிகள்தான். வரம்பு குறைந்ததும், உள்தெருவைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தியவர்கள் பிரதான சாலைக்குத் திரும்புகிறார்கள். காருக்கும் சைக்கிளுக்கும் இடையிலான நேர வேறுபாடு சுருங்குவதால், ஒரு கிலோமீட்டருக்கும் வண்டி எடுத்தவர்களில் சிலர் எடுக்காமல் விடுகிறார்கள். பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வருகிறார்கள்.

எல்லா இடத்திலும் இது சுமுகமாக நடந்துவிடவில்லை. வேல்ஸ் நாடு 2023 செப்டம்பரில் குடியிருப்புத் தெருக்களின் வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, அதை எதிர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேலானோர் கையெழுத்திட்டார்கள். முதல் ஓராண்டில் இத்தகைய சாலைகளில் காயமடைந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனாலும் கையெழுத்திட்டவர்களின் எரிச்சல் எங்களுக்குப் புரிகிறது. இழந்த நிமிடம் இழந்தவனுக்குத் தெரியும். விழாத ஆச்சியை யாருக்கும் தெரியாது.

நம் ஊர்களில் வேகவரம்பு சட்டமாக வருவதில்லை, தார் மேடாக வருகிறது. யாராவது இறந்தபின் சாலை மறியல் நடக்கும். அடுத்த வாரம் ஒரு வேகத்தடை முளைக்கும். எந்த மேட்டில் யார் போனார் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் மேடு இல்லை, ஏனென்றால் எங்கள் தெருவில் இதுவரை யாரும் இறக்கவில்லை.

*

இப்போது நாங்கள் ஊர் எல்லையில் வேகத்தை 30க்குக் குறைத்துவிடுகிறோம். பின்னால் வரும் பைக்குகள் ஹாரன் அடித்து, முறைத்துவிட்டு முந்திப் போகின்றன. ஆரம்பத்தில் ஏதோ புண்ணியம் செய்வதுபோல் ஒரு பெருமிதம் இருந்தது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் போய்விட்டது.

அன்று ஆச்சி பூக்கூடையோடு படியிறங்கி வந்து தெரு ஓரத்தில் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தி, கடந்து போகும்படி கைகாட்டினோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பைக் வலப்புறமாக எங்களை முந்திச் சீறிக்கொண்டு போனது. ஒரு வண்டி மெதுவாக வந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தெருவில் இறங்கலாமா என்பதை அவருக்குச் சொல்வது, வருகிற வண்டிகளிலேயே வேகமானது.

சற்று நேரம் நின்றார். பிறகு எங்களைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, கூடையோடு படியேறித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். கோயில் மணி கேட்டது. அங்கிருந்தபடியே கும்பிட்டார்.